இருபத்தேழாவது கேள்வி

அத்தியாயம் ஒன்பது

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஜாதகம் வரும், பூ வரும், சில சமயம் ‘சம்மதமில்லை’ என்று ஒரு கார்டு வரும். பரீட்சைத் தாள் வந்ததாகத் திருத்தணியில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

எல்லப்பன் சனிக்கிழமை கொடுத்துவிட்டுப் போன நீளமான பழுப்பு உறைக்குள் அதுதான் இருந்தது. இரண்டு கட்டுத் தாள்கள். இரண்டிலும் ஒரே நாற்பது கேள்விகள். ஒன்றில் மாப்பிள்ளை சுந்தரமூர்த்தி தன் பதில்களைத் தானே எழுதியிருந்தான். மற்றொன்றில் பதில் எழுத வேண்டிய இடமெல்லாம் காலி. அதை மனோரமா நிரப்ப வேண்டும். பக்கத்தில் இருந்து யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லப்பன் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

மூன்று நாள் அந்த உறையைத் தொடவே மாட்டேன் என்று அடம் பிடித்தான் கங்காதரன். “பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாப்பல என் தங்கச்சியை எடுக்கறானா?” என்று கேட்டுக் கேட்டு அவன் தொண்டை கட்டிப் போயிற்று. அவன் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. சுந்தரமூர்த்தி திருவாலங்காட்டுக்காரன், சொந்த நிலம் உள்ள குடும்பம். யுத்தத்தின்போது பெங்களூரில், பட்டாள அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். அங்கே வருகிறவர்களிடம் இப்படிக் கேள்விகளைக் கொடுத்து, அவரவர் குணத்தை அவரவர் வாயாலேயே வரவழைப்பார்களாம். இப்போது அரக்கோணத்தில் ரயில்வே ஆபீசில் உத்தியோகம். பழைய பழக்கம் விடவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை விடிந்துவிட்டது. ஆடி பிறக்க ஒன்பதே நாள். அதற்குள் தட்டு மாற்றாவிட்டால் பேச்சு ஆவணிக்குத் தள்ளிப் போகும். தள்ளிப்போன பேச்சு பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. மனோரமாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் அப்படித்தான் கைவிட்டுப் போயிற்று.

மற்றவர்கள் எழுந்திருப்பதற்கு முன்பே கௌரியம்மாள் அந்த உறையைப் பிரித்துவிட்டாள்.

முப்பத்தொரு வயது. பர்மாவிலிருந்து நடந்தே கிளம்பிய கூட்டத்தில் புருஷன் தணிகாசலம் வழியிலேயே காய்ச்சலில் செத்துப்போன சேதி வந்து நான்கு வருஷம் ஆகிறது. அண்ணன் வீட்டில் அடுப்பும் மாடும் அவள் பொறுப்பு. அந்த வீட்டில் தமிழ் தாராளமாகப் படிக்கத் தெரிந்தவளும் அவள்தான். திருத்தணி அந்த நாளில் சித்தூர் ஜில்லா. கங்காதரன் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவான், தமிழில் சண்டை போடுவான், எழுத்து மட்டும் தெலுங்கு. கௌரி சிறு வயதில் அரக்கோணத்து அத்தை வீட்டில் இருந்து படித்தவள். மனோரமாவுக்கு எழுத்தறிவித்தவளும் அவளே.

அடுப்பைப் பற்றவைத்து, அந்த வெளிச்சத்தில் அவள் முதலில் கேள்விகளைத்தான் படித்தாள். ‘உங்களுக்குக் கோபம் வருமா?’ ‘நண்பர் உயர்வடைந்தபோது மனம் சுருங்கியதுண்டா?’ ‘பிறர் கடிதத்தை அவர் அறியாமல் படித்ததுண்டா?’ எல்லாம் மனிதன் வெளியே சொல்லிக்கொள்ளாத சில்லறைக் குற்றங்கள். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ‘ஆம் என்ற பதில் இருபத்தைந்துக்கு மேல் வந்தால் அவர் தன்னை அறிந்தவர். பத்துக்கு மேல் வந்தால் பாதி அறிந்தவர். பத்தோ அதற்குக் குறைவோ வந்தால் தன்னிடமே ஒளிக்கிறவர். மார்க்குப் போட வேறு ஆள் இல்லை. அவரவரே போட்டுக்கொள்ள வேண்டியது.’

கௌரிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு ஆசையும் வந்தது. புளிப் பானைக்குப் பக்கத்திலிருந்த கொட்டைகளை ஒரு பிடி அள்ளினாள். ஆம் என்றால் தரையில் ஒன்று. இல்லை என்றால் ஒன்றுமில்லை.

முதல் தடவை ஒன்பது கொட்டை விழுந்தது.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கோபம் வருமா என்பதற்கு இல்லை என்று நினைத்தோமே, நேற்றுச் சாயங்காலம் பால் சொம்பை அப்படி ஏன் வைத்தோம்? மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை பதினேழு. அரை நாழிகைக்குள் ஒரு மனுஷிக்குக் குணம் மாறுமா? முதலில் பொய் சொன்னேனா, இப்போது கெட்டிக்காரத்தனமாகச் சொல்கிறேனா? தன்னையே ஒரு கள்ளச் சாட்சியைப் பார்ப்பது போல அவள் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு தடவையும் இருபத்தேழாவது கேள்வியில்தான் கை நின்றது. ‘உங்களுக்கு மிக நெருங்கியவர்களிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் சங்கதி ஏதேனும் உண்டா?’

கொட்டையைக் கீழே வைக்கவும் இல்லை, பானையில் போடவும் இல்லை. அடுப்புக்குள் எறிந்துவிட்டு, மாப்பிள்ளையின் தாளை எடுத்தாள். அவன் அந்தக் கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறான் என்று நேராக அங்கேயே போனாள்.

‘ஆம். ஒன்று.’

கறுப்பு மசியில், நிதானமான கையெழுத்து. அவசரமோ அடித்தலோ இல்லை.

ரங்கூனிலிருந்து புருஷன் போட்ட கடிதங்களிலும் கையெழுத்து இப்படித்தான் நிதானமாக இருக்கும். ‘இங்கு நலம். அங்கு நலம் அறிய ஆவல்.’ ஏழு வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்கு வந்தவர். பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிக்கொடுத்த இடம். அவர் செத்த பிறகுதான், அதே பாதையில் நடந்து பிழைத்து வந்த அம்மையார்குப்பத்து வேடியப்பன் ஒரு நாள் கொல்லைப்புறமாக வந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு அவளிடம் ஒரு விஷயம் சொன்னான். ரங்கூனில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. ஒரு பெண், அவள் கையில் ஒரு பிள்ளை. “யாருக்கும் சொல்லிடாதீங்க” என்று கௌரி கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

இப்போது இவன் வருகிறான், ‘ஒன்று’ இருக்கிறது என்று எழுதிக்கொண்டு.

---

“படி. சுருக்கா படி. கடைக்கு நேரமாவுது” என்றான் கங்காதரன். கிருத்திகை நாள், மலையடிவாரத்தில் அவனுடைய தேங்காய்க் கடைக்கு முன் இந்நேரம் கூட்டம் சேர்ந்திருக்கும்.

அண்ணி கெங்கம்மாள் கொஞ்சம் தயங்கினாள். “கௌரியா படிக்கப் போறா?”

“பின்ன? நீ படிக்கறியா?”

அண்ணி நகர்ந்து இடம் விட்டாள். அவள் மனசில் விஷம் கிடையாது. கல்யாணப் பேச்சில் கௌரி முன்னால் வரக் கூடாது என்பது அவள் கண்டுபிடித்த விதியும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று கௌரி சமையலறையை விட்டு வரவில்லை. இன்று அந்தக் கல்யாணத்தின் முதல் காகிதம் அவள் கையில்தான் இருந்தது. அது யாருக்கும் உறைக்காதது போலவே அவள் படிக்கத் தொடங்கினாள்.

“ஒண்ணு. உங்களுக்குக் கோபம் வருமா? ஆம். பெரும்பாலும் என் மேல்.”

“அடப் பாவமே” என்றாள் அண்ணி.

“நாலு. பிறர் கடிதத்தை அவர் அறியாமல் படித்ததுண்டா? ஆம். பட்டாள ஆபீசில் அதுவே வேலையாக இருந்தது.”

“பாத்தியா, பாத்தியா!” கங்காதரன் தலைத் துண்டை இறுக்கிக்கொண்டான். “நம்ம வூட்டுக் கடுதாசியும் படிப்பான்.”

“நம்ம வூட்டுக்கு யாரு கடுதாசி போடறாங்க?” என்றாள் அண்ணி.

“பன்னெண்டு. சாப்பாட்டில் குறை சொல்வீர்களா? ஆம். சொல்லிவிட்டு வருத்தப்படுவேன். பத்தொம்போது. இருட்டில் தனியாகப் போகப் பயமா? ஆம்.”

கெங்கம்மாள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “இவ்ளோ ஆம் சொல்ற மாப்பிள்ளைக்கு யாராச்சும் பொண்ணு குடுப்பாங்களா? நல்லவனா இருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டானா?” அவள் சிரித்தால் உடம்பு முழுக்கச் சிரிக்கும், பக்கத்தில் இருக்கிறவர்களையும் தொற்றிக்கொள்ளும். அந்தச் சிரிப்பைக் காதால் கேட்டவர்கள் இன்று ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள்.

கங்காதரனின் உதடுகூடக் கொஞ்சம் வளைந்தது. மாப்பிள்ளை அவனுக்குப் பிடிக்கத் தொடங்கியிருந்தான். கௌரி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருபத்தேழுக்கு வந்து சேர்ந்தாள்.

உள்ளதைப் படித்தால் அண்ணன் தாளைச் சுருட்டி எறிவான்; பேச்சு இந்த நிமிஷமே முடியும். படிக்காவிட்டால்? நினைத்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“…சொல்லாமல் வைத்திருக்கும் சங்கதி ஏதேனும் உண்டா? இல்லை. இருபத்தெட்டு…”

“ஒரு நிமிசம் இரு.”

கௌரி நிமிர்ந்தாள்.

“இதுவரைக்கும் கடகடன்னு படிச்சிகினு வந்தே. இதுக்கு மட்டும் என் மூஞ்சியப் பாத்துகினே சொல்றே. காகிதத்துல இருக்கறது என் மூஞ்சியிலயா எழுதியிருக்குது?”

“இல்லைன்னுதாண்ணா போட்டிருக்கு.”

“குடு இங்க.”

வாங்கி, அந்தத் தாளைச் சிறிது நேரம் பார்த்தான். அவனுக்கு அது கோடும் சுழியும்தான். பிறகு நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டான்.

“இன்னிக்கு மெட்ராஸ்காரங்க நெறைய வருவாங்க. யாராச்சும் படிச்ச சாமி கிட்டே குடுத்து இன்னொருக்கா கேட்டுக்கறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் கௌரி தாங்கியிருப்பாள். அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

---

நெல் குதிருக்குப் பக்கத்தில் மனோரமா மசிப் புட்டியும் தாளுமாக உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது, எழுதும்போது நாக்கு நுனி வெளியே வந்துவிடும். அவளுக்கு எதிரே கெங்கம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அரிசியில் அவள் கண் இல்லை.

“கோவம் வராதுன்னு எழுதுடி.”

“யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாதாம் அண்ணி.”

“நான் எங்க சொல்லிக் குடுக்கறேன்? கெஞ்சிக் கேட்டுக்கறேன். பன்னெண்டாவதுக்கு இன்னா எழுதினே? சாப்பாட்டுக்கு?”

“ஆம்.”

“அடிப்பாவி! நேத்து நான் வெச்ச கொழம்பை உப்புன்னு சொன்னியே, அதையும் எழுதிட்டியா?”

“உப்புதானே அண்ணி?”

“அரக்கோணம் வரைக்கும் என் மானத்தை ரயில்ல ஏத்து.” கெங்கம்மாள் முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “எல்லாத்துக்கும் ஆம் போட்டா, ‘பொண்ணு கொஞ்சம் ஒரு மாதிரி’ன்னு வேற எடம் பாத்துடுவாங்க. இதுல ஏதோ சூது இருக்குதுடி. நம்மகிட்டயே ஒண்ணு ஒண்ணா வாங்கிகினு, கடைசில நம்ம மேலயே போடப் போறாங்க.”

அவள் போன பிறகு கௌரி கதவோரம் நின்றாள். தங்கையின் பேனா நிற்காமல் ஓடியது. கேள்வியை முழுக்கப் படிக்கக்கூட இல்லை; முதல் இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் பதில் விழுந்தது. கௌரிக்குச் சந்தேகம் தட்டியது.

“மனோ, இந்தக் கேள்வியெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?”

பேனா நின்றது. “ஆங்.”

“எப்படி?”

“ஞாயித்துக்கெழமையே உறையப் பிரிச்சிப் படிச்சிட்டேன்க்கா. சோறு வெச்சு மறுபடி ஒட்டினேன்.”

அதனால்தான் காலையில் அவ்வளவு இலேசாகப் பிரிந்து வந்தது. கௌரி கதவைச் சாத்திவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

“அவர் எழுதினதையும் படிச்சியா?”

“படிச்சேன்.”

“இருபத்தேழு?”

“அதைத்தான் முதல்ல படிச்சேன்.” மனோரமாவின் குரல் இறங்கியது. “நீ காலைல அண்ணன்கிட்டே மாத்திப் படிச்சதையும் கேட்டுகினுதான் இருந்தேன். ஏன்க்கா அப்படிச் சொன்னே?”

ஏன் என்று கௌரிக்கே தெரியவில்லை. “வேற ஒரு பொம்பளையா இருந்தா என்னடி பண்ணுவே?” என்றாள்.

“ஒளிக்கணும்னு நெனக்கறவன் ஒண்ணு இருக்குதுன்னு எழுதுவானா?”

“நாம கேட்டுத் தெரிஞ்சிக்கறதுக்கு முன்னாடி தானே சொல்லிட்டா நல்லவன்னு நெனச்சிப்போம்னு எழுதியிருக்கலாம்.”

மனோரமா அக்காவையே பார்த்தாள். “எதைச் சொன்னாலும் அதுக்குப் பின்னால ஒண்ணு இருக்கும்னே பாக்கறே நீ. முன்னெல்லாம் நீ இப்படி இல்லைக்கா. மாமா போனதுக்கப்புறம்தான் இப்படி ஆயிட்டே.”

கௌரி கீழே சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்கினாள்.

“எனக்கு அவரைப் புடிச்சிருக்குது” என்றாள் மனோரமா, தாளைப் பார்த்துக்கொண்டே. “இருட்டுக்குப் பயம்னு எழுதின ஆம்பளைய நான் பாத்ததில்ல. அந்த ஒண்ணு இன்னான்னு அவரையே கேக்கணும்னு இருக்கேன். கேட்டுட்டு வேணாம்னு தோணுச்சுன்னா வேணாம்னு சொல்லிடுவேன். ஆனா கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க யாரும் முடிச்சிடாதீங்க.”

“நீ இருபத்தேழுக்கு இன்னா எழுதினே?”

மனோரமா சட்டென்று உள்ளங்கையால் அந்த வரியை மூடினாள். “பக்கத்துல இருந்து பாக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுக்கா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கை எடுக்கவில்லை. மசி காய்ந்ததும் தாளை மடித்து உறைக்குள் போட்டு, இந்தத் தடவை நன்றாகப் பசை தடவி ஒட்டினாள்.

“நீயா இருந்தா இன்னா எழுதுவே?” என்று கேட்டாள், உறையை அக்காவிடம் நீட்டிக்கொண்டே.

வெளியே தெருவில் ஒரு காவடிக் கூட்டம் மேளத்தோடு போயிற்று. கௌரி உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணன் மடியில் இருக்கும் தாளைத்தான் நினைத்தாள். முன்பின் தெரியாத ஒரு ஆள் வாயிலிருந்து அவன் அதைக் கேட்பதற்கு முன், தானே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

---

கிருத்திகை நாளில் அவள் கடைப் பக்கம் போனதே இல்லை. ஈரத் துணியும் பன்னீரும் சந்தனமுமாக ஜனம் தெருவை அடைத்துக்கொண்டு நகர்ந்தது. மொட்டை போட்டு வந்தவர்களின் தலைகள் வெயிலில் மஞ்சளாக மின்னின. “அரோகரா” என்று ஒரு பக்கம், “கொஞ்சம் ஜருகு நாயனா” என்று தெலுங்கில் வழி கேட்கும் குரல் இன்னொரு பக்கம். முக்காட்டை இழுத்துக்கொண்டு அவள் ஓரமாகவே நடந்தாள்.

தாமதமாகிவிட்டது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

கடைக்கு முன் ஒரு மெட்ராஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். புது மொட்டை, தங்கப் பிரேம் கண்ணாடி. ஒரு கையில் தேங்காய், மறு கையில் அந்தத் தாள். கச்சேரியில் தீர்ப்பு வாசிப்பது போல உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேங்காய் வாங்க வந்த நாலு பேர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இருபத்தாறு. செய்த உதவியைச் சொல்லிக் காட்டியதுண்டா? ஆம், இரண்டு தடவை. அடடா! யாரு சார் இந்தப் பையன்? இப்படியெல்லாம் உண்மையைச் சொன்னா எங்க ஆபீஸ்ல ஒரு நாள் தாங்க மாட்டான். இருபத்தேழு. உங்களுக்கு மிக நெருங்கியவர்களிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் சங்கதி ஏதேனும் உண்டா? ஆம். ஒன்று.”

தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கங்காதரனின் கை அப்படியே நின்றது. அவன் நிமிர்ந்தபோது எதிரே கௌரி நின்றாள்.

“மேல படிக்கட்டுமா?” என்றார் மெட்ராஸ்காரர்.

“போதும் சாமி. உங்க தேங்காய எடுத்துக்குங்க. காசு வாணாம்.”

கூட்டம் கலைந்தது. அண்ணனும் தங்கையும் தேங்காய்க் குவியலின் இரு பக்கமும் நின்றார்கள்.

“இல்லைன்னு படிச்சியே” என்றான்.

“படிச்சேண்ணா.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே?”

அதற்கு அவள் என்ன சொல்வாள்? சொல்ல வாயெடுப்பதற்குள், “இன்னா பாவா, யாவாரம் எல்லாம் அமோகமா?” என்று கேட்டுக்கொண்டே குடையும் கையுமாக எல்லப்பன் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, இவர்களுக்கும் தூரத்து உறவு, தெலுங்கு வழக்கில் முறை சொல்லிக் கூப்பிடுவார். கௌரியை அங்கே பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கிப் பிறகு விரிந்தது.

கங்காதரன் வரவேற்கவில்லை. “உங்க பையன் ஏதோ ஒண்ணு ஒளிச்சி வெச்சிருக்கானாமே, அது இன்னா?”

“ஒண்ணா?” எல்லப்பன் குடையை மடக்கினார். “அப்படியா எழுதியிருக்கான்? சாமி சத்தியமா எனக்குத் தெரியாது பாவா.”

“பொண்ணு கேக்க வந்தவரு நீங்க. உங்களுக்கே தெரியாதா?”

“அவன் பட்டாளத்துலேர்ந்து வந்ததுக்கப்புறம் அதிகம் பேசறதே இல்லீங்க. ஆபீசுண்டு, பொஸ்தகமுண்டுன்னு இருப்பான். மாசத்துக்கு ஒருக்கா பெங்களூர் போய் வருவான், அவ்ளோதான்…”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. குடையை மறுபடி விரித்தார், மறுபடி மடக்கினார்.

“மாசா மாசம் பெங்களூரா?” என்றான் கங்காதரன் மெதுவாக. “ஆபீசை மூடி ஒரு வருசமாச்சே. அங்க இன்னா வேலை?”

“கேட்டா, பழைய சிநேகிதங்கன்னு சொல்றான்.”

கௌரியின் காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் விட்டது போல இருந்தது. ரங்கூன் தூரம்; கப்பல் ஏற வேண்டும். பெங்களூருக்கு ஒரு ராத்திரி ரயில் போதும். காலையிலிருந்து அவள் பயந்தது அவ்வளவும் அந்தக் குடைக்காரர் வாயிலிருந்து வெளியே வந்து நின்றது. முடிந்தது என்று சொல்லிவிடலாம். அவளுடைய சந்தேகம் சரி, தங்கை தப்பித்தாள்.

அப்படி நினைத்த அதே நிமிஷத்தில் இன்னொன்றும் தோன்றியது. ‘ஒன்று’ என்று எழுதிய மனிதனை மனோரமா கேட்கக் காத்திருக்கிறாள். கௌரி அவளுடைய மனிதனை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் இரண்டாம் தடவை ஊருக்கு வந்திருந்தபோது, தூக்கத்தில் ஏதோ ஒரு பாஷையில் யாரையோ கூப்பிட்டார். அது பர்மியப் பேச்சு என்று அவளுக்குத் தெரியும். காலையில் கேட்டிருக்கலாம். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

கங்காதரன் மாப்பிள்ளையின் தாளை எல்லப்பன் பக்கம் நீட்டினான். “எடுத்துகினு போங்க. பேச்சு இதோட முடிஞ்சிது.”

“அண்ணா, கொஞ்சம் இரு.”

கௌரி குவியலைச் சுற்றிக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். முக்காடு நழுவியிருந்தது, அவள் இழுத்துக்கொள்ளவில்லை. எல்லப்பனிடம் மனோரமாவின் உறையை நீட்டினாள்.

“இதை அவர்கிட்டே குடுங்க. கூடவே ஒண்ணு சொல்லுங்க. அவர் நாப்பது கேள்வி கேட்டார். எங்க பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம். அடுத்த செவ்வாய்க்கெழமைக்குள்ள அவரே நேர்ல வந்து அதுக்குப் பதில் சொல்லட்டும். காகிதத்துல வேணாம்.”

எல்லப்பன் உறையை வாங்கலாமா என்று கங்காதரனைப் பார்த்தார். கங்காதரன் கௌரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதைச் சொல்ல நீ யாரு?” என்றான். குரல் உயரவில்லை. “காலைல என் மூஞ்சியப் பாத்துகினே பொய் சொன்னே. இப்ப அவனை வரச் சொல்றே. மாசா மாசம் பெங்களூர் போறவனுக்கு எதுக்குடி இவ்ளோ வக்காலத்து? உனக்கு இதுல இன்னா தெரியும்?”

“தெரியும்ணா.”

“இன்னா தெரியும்?”

மலைப் படியில் ஏறுகிறவர்களின் கோஷம் அலை அலையாக வந்தது. எல்லப்பன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவர் உறவென்றாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரர். அவர் முன்னால் சொன்னால் திருவாலங்காடு வரை போகும். அவர் போன பிறகு சொல்லலாம் என்றால், அப்போது சொல்லத் தேவையே இருக்காது, பேச்சு முடிந்துபோயிருக்கும். நான்கு வருஷமாக அவள் அப்படித்தான் ஒவ்வொரு நாளும் தேவை இல்லாமல் ஆக்கிக்கொண்டு வந்தாள்.

“ரங்கூன்லேர்ந்து கெளம்பினப்போ அவர் தனியாக் கெளம்பலைண்ணா” என்றாள்.

கங்காதரனுக்கு முதலில் புரியவில்லை. “யாரு?”

“நீ எனக்குப் பாத்த மாப்பிள்ளை. அவர்கூட ஒரு பொண்ணும் வந்தாள். அந்த ஊர்ப் பொண்ணு. கைல ஒரு புள்ளை. வழியில அவங்க பின்தங்கிட்டாங்கன்னு திரும்பிப் போனார். அதுலதான் செத்தார். காய்ச்சல்ல இல்லை.” அண்ணன் நீட்டிய தாளைக் கையால் தடுத்தாள். “ஒளிச்சவரோட நான் ஏழு வருசம் குடும்பம் பண்ணேன். நாலு வருசமா அவருக்காக நான் ஒளிச்சேன். அதனாலதான் சொல்றேன், அந்தப் பையனை வரச் சொல்லு. வாயத் தொறந்து சொல்ல ஒரு எடம் குடு. அப்புறம் வேணாம்னு சொல்லு.”

கங்காதரன் தேங்காய்க் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு காய் உருண்டு தெருவில் போயிற்று, அவன் பார்க்கவில்லை. தங்கையின் வெறும் நெற்றியையே பார்த்தான். அந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்து, ஜாதகம் பார்த்து, கையைப் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான்.

“அந்தப் புள்ள…” என்றான்.

“இப்போ ஏழு வயசு ஆகும்” என்றாள் கௌரி. “இருந்தா.”

எல்லப்பன் மெல்ல முன்னால் வந்து, அவள் கையிலிருந்த உறையை வாங்கிக்கொண்டார்.